டைனமோவின் மேல் பழி

ஒஹாயோ,
அக்டோபர்

அன்புள்ள மாணிக்கம்,

கண் அறுவைக்குப் பிறகு மறுபடியும் பட்டறைக்குப் போகத் தொடங்கிவிட்டாய் என்று எழுதியிருந்தாய், மனம் நிறைந்தது. பதில் மூன்று வாரம் தாமதமானதற்கு என் கொட்டகையில் நிற்கும் கிழட்டு டிராக்டர்தான் காரணம். அதன் சார்ஜிங் கோளாற்றைக் கண்டுபிடித்த பிறகே உனக்கு எழுதுவது என்று பிடிவாதமாக இருந்தேன், ஏனென்றால் அந்தக் கோளாற்றில் காரைக்குடியில் உன் அப்பாவிடம் நாம் கற்ற பாடத்துக்கும் ஒரு பங்கு உண்டு.

வண்டி ஃபார்மால் கப். இண்டர்நேஷனல் ஹார்வெஸ்டர் நிறுவனம் 1947 முதல் கென்டக்கி மாநிலத்து லூயிவில்லில் தயாரித்த சின்ன டிராக்டர். நான்கு சிலிண்டர், ஒரு லிட்டருக்குச் சற்றுக் குறைவான எஞ்சின். சிறு பண்ணைகளுக்காகச் செய்தது, இப்போது என் வீட்டைச் சுற்றிப் புல் வெட்டுகிறது. என்னுடையது முதற்காலத்து வண்டி: 6 வோல்ட், பாசிட்டிவ் எர்த், அதாவது பேட்டரியின் கூட்டல் முனைதான் வண்டியின் உடலோடு சேர்ந்திருக்கும். பற்றவைப்பு, பேட்டரி இல்லாமல் தானே பொறி உண்டாக்கும் மேக்னெட்டோவில் நடப்பதால் பேட்டரி செத்துக் கிடந்தாலும் கையால் சுற்றிக் கிளப்பிவிடலாம். அந்த வசதியே எனக்குக் கெடுதலாகவும் முடிந்தது. சார்ஜ் நின்று எத்தனை நாளாயிற்று என்பதே தெரியாமல் கோடை முழுவதும் ஓட்டியிருக்கிறேன்.

ஒரு மாலை ஸ்டார்ட்டரை இழுத்தபோது அது ஒரு முனகலோடு நின்றுவிட்டது. பேட்டரிக்கு வயதாகிவிட்டது என்று எண்ணிப் புதிதாக ஒன்று வாங்கினேன் (வீண் செலவு, பழையதும் நன்றாகத்தான் இருந்தது). பத்தே நாளில் அதுவும் இறங்கியது. அதன் பிறகுதான் பேட்டரிக்கு மின்சாரம் ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டும் அம்மீட்டரைக் கவனித்தேன். விளக்கைப் போட்டால் முள் கழித்தல் பக்கம் சாய்ந்தது. அணைத்தால் பூஜ்யத்தில் உறங்கியது. எஞ்சினை எவ்வளவு முடுக்கினாலும் கூட்டல் பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. பேட்டரியைச் சார்ஜ் செய்யும் டைனமோவைப் பார்த்தேன். பெல்ட் இறுக்கமாக இருந்தது, பிரஷ்கள் பாதிக்கு மேல் மிச்சமிருந்தன, அவை உரசும் கம்யூட்டேட்டரை உப்புத்தாளால் மெல்லத் துடைத்துவிட்டேன். பலன் இல்லை.

அப்போதுதான் மோரிஸ் மைனர் காருக்கு உன் அப்பா செய்யும் சோதனை நினைவுக்கு வந்தது. டைனமோவின் இரண்டு வயரையும் கழற்று, மின்சாரம் வெளியேறும் பெரிய முனையையும், உள்ளே காந்தத்தை எழுப்பும் ஃபீல்டு காயிலின் எஃப் முனையையும் ஒன்றாகக் கட்டு, அதற்கும் பாடிக்கும் இடையே மீட்டரை வைத்து எஞ்சினை மெல்ல ஏற்று, வோல்ட் ஏறாவிட்டால் டைனமோ போயிற்று என்பாரே, அதை அப்படியே செய்தேன். மீட்டர் ஒரு வோல்ட்டைக்கூடத் தொடவில்லை. டைனமோவைக் கழற்றிக் காயில் கட்டக் கொடுப்பதற்கு இடமும் விசாரித்துவிட்டேன்.

கழற்றுவதற்கு முன் பழைய வயரிங் படத்தை ஒருமுறை விரித்துப் பார்த்ததுதான் காப்பாற்றியது. மோரிஸ் மைனரில் இருக்கும் லூக்காஸ் டைனமோவில் ஃபீல்டு காயிலின் ஒரு முனை உள்ளேயே பாடியில் எர்த் ஆகியிருக்கும். ஆகையால் மறுமுனைக்கு மின்சாரம் ஊட்டிச் சோதிப்பது சரி. இந்த வண்டியில் இருப்பது டெல்கோ ரெமி. இதில் காயிலின் ஒரு முனை உள்ளே, சார்ஜின் அளவைக் கட்டுப்படுத்தும் மூன்றாவது பிரஷ்ஷோடு சேர்ந்திருக்கிறது. மறுமுனை எஃப் வழியாக வெளியே வந்து பாடியைத் தொட்டால்தான் காந்தம் எழும். அதைப் பெரிய முனையோடு கட்டினால் எந்த நல்ல டைனமோவும் செத்ததுபோலத்தான் நடிக்கும். வயர்களைப் பழையபடி மாட்டி, எஞ்சினை நடுத்தர வேகத்தில் ஓடவிட்டு, எஃப் முனையை ஒரு துண்டு வயரால் பாடியில் தொட்டேன். உறங்கிக்கொண்டிருந்த முள் துள்ளிக் கூட்டல் பக்கம் போயிற்று. டைனமோவும், அதைப் பேட்டரியோடு சேர்த்துப் பிரிக்கும் கட்அவுட்டும் ஒரே நொடியில் விடுதலையாயின.

அப்படியானால் எஃப் வயர் போகும் வழியில்தான் எர்த் அறுந்திருக்க வேண்டும். இந்த வண்டியில் சார்ஜைத் தானாகக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டர் கிடையாது. எல், எச், டி, பி என்று நான்கு நிலை கொண்ட விளக்கு ஸ்விட்ச்தான் சார்ஜையும் ஆள்கிறது. எல் நிலையில் எஃப் வயர் ஒரு ரெசிஸ்டர் வழியாக எர்த் ஆகிறது, அதனால் குறைந்த சார்ஜ். எச் நிலையில் நேராக எர்த், அதனால் முழுச் சார்ஜ். மற்ற இரண்டும் மங்கிய விளக்குக்கும் பிரகாசமான விளக்குக்கும். ஸ்விட்ச்சுக்குத் தனி எர்த் வயர் இல்லை. அது மாட்டியிருக்கும் தகரப் பெட்டியே அதன் எர்த். அந்தப் பெட்டியைச் சென்ற குளிர்காலத்தில் கழற்றி, உள்ளும் புறமும் இரண்டு பூச்சுச் சிவப்புப் பெயிண்ட் அடித்து, அழகு பார்த்து மாட்டியவன் சாட்சாத் நான்தான்!

ஸ்விட்ச் உட்காரும் வளையத்தையும், பெட்டி வண்டியோடு சேரும் போல்ட் துளைகளையும் வெள்ளி போல மின்னும்வரை சுரண்டி, பல் வாஷர் வைத்து முடுக்கி, மேலே கொஞ்சம் வாசலின் தடவினேன். டைனமோவுக்குள் மிச்சமிருக்கும் காந்தம் தலைகீழாகியிருக்குமோ என்ற சந்தேகத்தில், அதைச் சரியான திசைக்குத் திருப்ப, எஞ்சின் நின்றிருக்கும்போதே கட்அவுட்டின் இரண்டு முனைகளையும் வயரால் ஒரு கணம் தொட்டு எடுத்தேன். சிறு பொறி பறந்தது. இப்போது எல் நிலையில் 2 ஆம்பியரும் எச் நிலையில் 8 ஆம்பியரும் காட்டுகிறது.

ஆனால் எச் நிலையிலேயே மறந்து விட்டுவிட்டால் பேட்டரித் தண்ணீர் கொதித்து வற்றிவிடும். ஓட்டுகிறவனே ரெகுலேட்டராக இருக்க வேண்டியிருக்கிறது. நேற்று இலை அள்ளும்போது ஒரு மணி நேரம் அப்படி மறந்துவிட்டு, பிறகு மூடியைத் திறந்து டிஸ்டில்டு வாட்டர் ஊற்றினேன். இதற்கு ரெகுலேட்டர் பூட்டலாமா, பூட்டினால் அந்த மூன்றாவது பிரஷ்ஷை என்ன செய்வது என்று யோசித்து எழுது. உன் அப்பாவிடம் இந்தக் கதையைச் சொல். படத்தைப் பார்க்காமல் கை வைத்ததற்கு என்ன திட்டுவார் என்பதையும் அப்படியே எழுது.

அன்புடன்,
சுந்தரம்