சாயங்காலம் கூட்டினால் வருவோம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மலைக் கிராமங்களில் கிராம சபைக்கு யாருமே ஆர்வம் காட்டுவதில்லை என்று உங்கள் நாளிதழில் ஒரு வாசகர் வருத்தப்பட்டிருந்தார். நான் கீழ்ப்பழனி மலையில் காபித் தோட்டக் கூலி வேலைக்குப் போகிறவள், மகளிர் குழுவுக்குக் கணக்கு எழுதுகிறவள். ஆர்வமெல்லாம் நிறையவே இருக்கிறது, ஐயா. நாளும் நேரமும்தான் எங்களுக்குத் தோதாக இல்லை.

சனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு கூட்டம். சனவரியில் காபிப் பழப் பறிப்பு நடக்கும். கிலோ கணக்கில்தான் கூலி. கொடியேற்றும் நாள் என்று செடியில் பழம் காத்திருக்குமா? நவம்பர் 1 வடகிழக்குப் பருவமழைக் காலம். மே 1 ஒன்றுதான் பரவாயில்லை. எங்கள் குக்கிராமத்துக்கு ரோடு கிடையாது, வாழைத்தார் குதிரையில்தான் இறங்குகிறது. ஓடையைத் தாண்டி நடந்து, பதினொரு மணிக் கூட்டத்தில் உட்கார்ந்துவிட்டுத் திரும்பினால் அன்றைய கூலி போச்சு.

அப்படியே போனாலும் தீர்மானங்கள் முன்கூட்டியே எழுதித் தயாராக இருக்கும். மக்கள்தொகை 500 வரை என்றால் 50 பேர், 3,000 வரை என்றால் 100 பேர் வர வேண்டும் என்பது விதி. அந்தக் கையெழுத்து நிரம்பும் வரை பதிவேடு சுற்றி வரும். அப்புறம் டீ, பிஸ்கட். (டீயைக் குறை சொல்லவில்லை.)

போன முறை எங்கள் குழு வேறு மாதிரி செய்தது. முந்தின நாள் சாயங்காலம், பழ மூட்டை எடை போட்டு முடிந்ததும், கோயில் முன்னால் கோலப்பொடியால் ஊரை வரைந்தோம். வீட்டுக்கு ஒரு காபிக்கொட்டை. அவரவர் வீட்டை அவரவரே வைத்தார்கள். சபையில் வாயே திறக்காத பளியர் பழங்குடிப் பாட்டி ஒருவர் குனிந்து, ஓடைக்கோட்டை விரலால் அழித்து, சற்று மேலே வளைத்துப் போட்டார். மழைக்காலத்தில் தண்ணீர் திரும்புகிற இடம் அது. நடைபாலத்துக்கு அளந்துவிட்டுப் போன இடமோ கீழே இருக்கிறது! அதை நோட்டில் எழுதி, எல்லோரும் கையெழுத்தும் கைநாட்டும் வைத்தோம். நான்கு பெண்கள் மட்டும் மறுநாள் கொண்டு போனார்கள்; அவர்கள் கூலியை மற்றவர்கள் பங்கு போட்டுக் கொடுத்தோம். தீர்மானப் புத்தகத்தில் ஏறிவிட்டது. பாலம் வரவில்லை, அது வேறு கதை.

மகளிர் குழுக்கள் தயாரிக்கும் வறுமை ஒழிப்புத் திட்டத்தை ஊராட்சியின் வளர்ச்சித் திட்டத்தில் சேர்க்க வேண்டும் என்பதும் அரசு சொன்னதுதான். 2006 வன உரிமைச் சட்டப்படி, தேனும் கடுக்காயும் எடுக்கிற உரிமைக்கான கோரிக்கையைப் பரிசீலிப்பது கிராம சபை. அதன் விதிகளின்படி சபை உறுப்பினரில் பாதிப் பேர் வர வேண்டும், வந்தவர்களில் மூன்றில் ஒரு பங்கு பெண்கள். பகலில், தூரத்து ஊரில் கூட்டினால் இது நடக்கிற காரியமா?

ஒவ்வொரு கிராம சபைக்கும் முந்தின மாலை குக்கிராமத்திலேயே கூட்டம் போட வேண்டும். ஊராட்சி செயலர் நேரில் வந்து எழுதிக்கொள்ள வேண்டும். மறுநாள் சபையில் முதலில் அதை வாசிக்க வேண்டும். மலை ஊராட்சிகளுக்கு மட்டுமாவது மாவட்ட நிர்வாகம் இப்படி ஓர் உத்தரவு போடலாம். கூட்டம் முடிந்து செயலர் இறங்கிப் போவதற்குள் இருட்டிவிடும், தெரியும். ராத்திரி தங்க இடமும் சோறும் எங்கள் பொறுப்பு.

இப்படிக்கு,
மகளிர் குழு உறுப்பினர் ஒருவர்,
கீழ்ப்பழனி மலை, திண்டுக்கல் மாவட்டம்