அடிஷாம் மாளிகையைப் பார்த்து வந்தேன்

அன்பு மகனுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே கிளிநொச்சியில் மழை விட்டு இரண்டு நாளாகிறது. கிணறு நிறைந்து நிற்கிறது.

கோயில் பெண்களோடு கதிர்காமம் போய்த் திரும்புகையில் வேனை அப்புத்தளையில் நிறுத்தச் சொன்னேன். அடிஷாம் மாளிகையை உள்ளே போய்ப் பார்க்க வேண்டும் என்பது எனக்கு நெடுநாள் ஆசை. 1977 கலவரத்தில் என்னைக் கைபிடித்துக் கூட்டிக்கொண்டு வன்னிக்கு வரும்வரை உன் அம்மாயி அந்தப் பக்கத்துத் தோட்டத்தில்தான் கொழுந்தெடுத்தார். "கேற்றடியில் நின்று பார்த்ததோடு சரி" என்று சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார். உள்ளே படமெடுக்க விடவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

சேர் தோமஸ் வில்லியர்ஸ் என்ற துரை 1931இல் கட்டியது. இங்கிலாந்தின் பிரதமராக இருந்த ஜோன் ரசல் பிரபுவின் பேரன். கொழும்பில் பெரிய வணிக நிறுவனத்தின் தலைவர். தான் பிறந்த கென்ட் கிராமத்தின் பெயரையே வீட்டுக்கு வைத்து, அதே கென்ட்டில் உள்ள லீட்ஸ் கோட்டையின் சாயலில் கட்டியிருக்கிறார். சுவரெல்லாம் கருங்கல். கதவு, யன்னல், மாடிப்படி எல்லாம் பர்மாத் தேக்கு. செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தேன். எத்தனை பேர் துடைத்துத் துடைத்து வந்த தரையோ, பலகையில் என் பாதத்தின் ஈரம் ஒரு கணம் படிந்து மறைந்தது. புத்தக அறையில் கூரைவரை அலுமாரிகள், குளிர்காயும் அடுப்பு, அதன் முன்னே தோல் நாற்காலிகள். அழகுதான், மகனே. இல்லையென்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

ஆனால் அந்த அடுப்பின் முன் நின்றபோது தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்து அறைதான் கண்ணில் வந்தது. 10 அடிக்கு 12 அடி. அதற்குள் நாங்கள் ஏழு பேர். மழைக்காலத்தில் அம்மாயியின் ஈரக் கம்பளியை அடுப்பின் மேல் கட்டிய கயிற்றில்தான் காயப்போடுவோம். புகை வாடையோடு விடியலில் அதையே போர்த்திக்கொண்டு மலைக்குப் போவார். மாளிகைக்குக் கல் கொத்தியவர், மரம் சுமந்தவர் பெயர் எங்காவது இருக்கிறதா என்று சுவர் சுவராகத் தேடினேன். என் கண்ணில் படவில்லை.

1961இல் அது பெனடிக்ட் சபைத் துறவிகள் கைக்கு வந்துவிட்டது. துரை கட்டி 30 ஆண்டுதான். பார்க்க விடுவது கீழே இரண்டு அறைகள், மாடிக்கு விடுவதில்லை. வாசலில் துறவிகள் செய்த ஜாம் விற்கிறார்கள், ஒரு போத்தல் வாங்கினேன்.

நீ அனுப்பிய புது வீட்டு வரைபடம் கிடைத்தது. மேலே நான்கு அறைகள் போட்டிருக்கிறாய். 2009இல் விட்டுவிட்டு வந்த வீட்டில் எத்தனை அறை இருந்ததென்று உனக்கே தெரியும். மேலே இரண்டு போதும். மிச்சக் காசில் கிணற்றுப் பக்கம் அகலமாக ஒரு விறாந்தை போடு. வேலைக்கு வருபவர்களும் அதில் இருந்து சாப்பிடலாம். மேசன் திங்கட்கிழமை அத்திவாரம் வெட்ட வருகிறார். அதற்கு முன் பதில் எழுது.

அன்புடன்,
அம்மா