வீட்டுக்கு வீடு தனி வால்வு: இடம் மாற்றிப் பொருத்திய வேலையைத் திருத்தித் தரக் கோரும் புகார்

அனுப்புநர்:
செயலாளர்,
குடியிருப்போர் நலச்சங்கம்,
தண்டையார்பேட்டை, சென்னை 600 081.

பெறுநர்:
மேலாளர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
பிளம்பிங் ஒப்பந்த நிறுவனம், சென்னை.

ஐயா,

தரைத்தளமும் மேலே மூன்று மாடியுமாக எங்கள் கட்டடத்தில் எட்டு வீடுகள். வீட்டுக்கு ஒரு சமையலறை, இரண்டு குளியலறை. மேலும் கீழுமாக உள்ள நான்கு வீடுகளுக்குச் சமையலறைக்கு ஒன்று, குளியலறைகளுக்கு இரண்டு என மூன்று டவுன்டேக் (டேங்கிலிருந்து கீழே இறங்கும் குழாய்). ஆக மொத்தம் ஆறு டவுன்டேக், 24 கிளைகள். ஒரு வீட்டில் குழாய் வேலை நடந்தால் அடுத்த வீட்டுக்குத் தண்ணீர் நிற்கக் கூடாது என்பதற்காகத்தான் 24 பால் வால்வு (உள்ளே துளையிட்ட பந்து திரும்பித் தண்ணீரை அடைக்கும் வால்வு) கேட்டோம். உங்கள் கொட்டேஷனிலும் ‘வீட்டுக்கு வீடு தனி கண்ட்ரோல்’ என்றே எழுதியிருக்கிறது.

24 வால்வும் போட்டாகிவிட்டது. ஆனால் டீயிலிருந்து (கிளை பிரியும் மூவழி இணைப்பு) வீட்டுக்குள் போகும் முக்கால் இன்ச் கிளையில் போடவில்லை. டீக்கு மேலே, ஒரு இன்ச் டவுன்டேக்கையே வெட்டிப் போட்டிருக்கிறார்கள். மூன்றாவது மாடி சமையலறை வால்வை மூடினால் அதற்குக் கீழே மூன்று சமையலறையும் சேர்ந்து காய்கிறது. முதல் மாடிக்காரர் வால்வை மூடி, வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போனால் தரைத்தளத்தில் சொட்டுத் தண்ணீர் வராது. லைன் அங்கேயே முடிவதால் தரைத்தளத்து ஆறு மட்டும் சரி. மீதி 18 வால்வைத் தனி வால்வு என்று சொல்லவே முடியாது.

டீக்கும் சுவருக்கும் நடுவே நாலு அங்குலம்தான், அதில் வால்வு உட்காராது என்கிறார் உங்கள் சூப்பர்வைசர். அளவெடுத்த அன்றே சொல்லியிருக்க வேண்டிய விஷயம். இப்போதும் வழி இருக்கிறது. டவுன்டேக்கில் உள்ள வால்வையும் பழைய டீயையும் சேர்த்து அறுத்து எடுத்தால் புது டீக்கும் கப்ளிங்குக்கும் (இரண்டு பைப்பைச் சேர்க்கும் நேர் இணைப்பு) தாராளமாக இடம் கிடைக்கும். டீயின் வாயைச் சுவரை ஒட்டிப் பக்கவாட்டில் திருப்பி, ஒரு அடி பைப் ஓட்டி, அதில் வால்வும் வீட்டுப் பக்கம் ஒரு யூனியனும் (கழற்றி மாட்டக்கூடிய இணைப்பு) வைத்து, எல்போ (வளைவு) போட்டுச் சுவருக்குள் விடுங்கள். வால்வின் இரண்டு பக்கமும் கிளாம்ப் அவசியம். இல்லையென்றால் கைப்பிடியைத் திருப்பும்போதெல்லாம் ஜாயின்ட் முறுக்கு வாங்கும். கைப்பிடி டக்ட் (குழாய்கள் இறங்கும் இடைவெளி) கதவைப் பார்த்து இருக்க வேண்டும். இப்போது ஏழு வால்வுகள் சுவரைப் பார்த்து நிற்கின்றன.

மூன்றாவது மாடியில் இன்னும் கவனம் வேண்டும். டேங்க் அடிமட்டத்திலிருந்து அங்கே உள்ள குழாய்க்கு மூன்று மீட்டர்கூட உயரமில்லை, அழுத்தம் 0.3 பார் கூட வராது. தரைத்தளத்துக்கு 12 மீட்டர், ஏறக்குறைய 1.2 பார். கீழே தெரியாத அடைப்பு மேலே நூலாக ஒழுகும். மேல்மாடிச் சமையலறைக் குழாய் அப்படி ஒழுகியதால் யூனியனைக் கழற்றிப் பார்த்தோம். பந்தின் துளையில் பாதி வரை சால்வென்ட் (பைப் ஒட்டும் பசை) வழிந்து, மஞ்சள் மெழுகுபோல் இறுகிக் கிடந்தது. சாக்கெட்டுக்குள் மெல்லிய பூச்சு போதும், பைப் மேல்தான் முழுப் பூச்சு. அங்கே முழுத் துளை உள்ள ஒரு இன்ச் வால்வே போட வேண்டும்.

இரண்டு இடத்தில் கசிவும் இருக்கிறது. டவுன்டேக் யுபிவிசி, வீட்டுக்குள் சிபிவிசி, இரண்டும் வேறு வகை பிளாஸ்டிக் பைப். இன்ச் அளவு ஒன்றே என்றாலும் வெளிவிட்டம் வேறுவேறு; ஒரு இன்ச் பைப்பில் 33.4 மி.மீ., 28.6 மி.மீ. இரண்டையும் சேர்க்கப் பித்தளை மரை உள்ள எஃப்டிஏ (உள்மரை இணைப்பு) வேண்டும். நீங்கள் போட்டது வெறும் பிளாஸ்டிக். டெஃப்லான் டேப்பைத் தடியாகச் சுற்றி ரெஞ்சில் இறுக்கியதில் விளிம்பு விரிந்து மயிரிழை வெடிப்பு விட்டிருக்கிறது. மேலே எம்-சீல் அப்பினால் நிற்காது.

டேங்கின் போர் தண்ணீர்ப் பக்க அவுட்லெட்டில் கேட் வால்வு (தண்டைத் திருகித் தகட்டை இறக்கி மூடும் வால்வு) போட்டதும் தவறு. எங்கள் பகுதி நிலத்தடி நீர் உப்பு. கேட் வால்வின் தண்டில் உப்புப் படிந்து, சில மாதத்தில் திரும்பாமல் போகும். அதையும் பால் வால்வாக மாற்றுங்கள்.

இத்தனையையும் கூடுதல் கட்டணமின்றி 15 நாளுக்குள் செய்து தர வேண்டும். அதுவரை பாக்கி 20 சதவீதத் தொகை தரப்படாது. தவறினால் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன்படி சென்னை வடக்கு மாவட்ட நுகர்வோர் குறைதீர் ஆணையத்தில் மனு கொடுப்போம்.

வேலை முடிந்ததும் 24 வால்வையும் ஒவ்வொன்றாக மூடி, மற்ற ஏழு வீட்டிலும் குழாய் ஓடுகிறதா என்று எங்கள் முன்னால் காட்ட வேண்டும். பிறகு டேங்கை நிரப்பி, ஒவ்வொரு ஜாயின்ட்டின் கீழும் செய்தித்தாள் விரித்து ஒரு நாள் பார்ப்போம். சமையலறைக்கு வரும் மெட்ரோ வாட்டர் லைனையும் குளியலறைக்கு வரும் போர் லைனையும் ஒரே நாளில் அறுக்காதீர்கள். சால்வென்ட் காயும் வரை ஒரு லைன் நின்றாலும் மற்றது ஓடட்டும். எட்டு வீட்டிலும் முதியவர்களும் குழந்தைகளும் இருக்கிறார்கள்.

இப்படிக்கு,
செயலாளர்

இணைப்பு: கொட்டேஷன் நகல், ரசீது நகல், 18 வால்வுகளின் புகைப்படங்கள்.