சனிக்கிழமை கிரெப்ஸ் சுழற்சி சீட்டாட்டம்

முதலாண்டு மக்களே, வணக்கம். இன்டர்னல் தேர்வுக்கு முதல்நாள் கிரெப்ஸ் சுழற்சியை (செல் உணவிலிருந்து ஆற்றல் எடுக்கும் வேதிவினைச் சுழற்சி) உருப்போட்டு மறுநாள் மறப்பதற்குப் பதில் சீட்டு விளையாடியே படிக்கலாம் என்று பயோகெம் மேடம் சொல்லிவிட்டார். சனிக்கிழமை மதியம் 2 மணி, டெமோ ரூம்.

1. அணிக்கு நான்கு பேர். வியாழன் இரவுக்குள் பெயர்களை இங்கேயே போடுங்கள்.
2. 8 படிகள், அதற்குரிய நொதிகள், சீட்டை வரிசையாக அடுக்கணும். ஒரு சுற்று முடிந்தால் கையில் ஆற்றலைச் சுமக்கும் மூலக்கூறுகளான 3 என்ஏடிஎச், 1 எஃப்ஏடிஎச்2, 1 ஜிடிபி டோக்கன் இருக்கணும், 2 கார்பன் டைஆக்சைடு வெளியே போயிருக்கணும்.
3. எதிரணி மேலோனேட் (சக்சினேட்டை அடுத்த படிக்கு மாற்றும் நொதியைத் தடுக்கும் பொருள்) சீட்டை இறக்கினால் சக்சினேட்டோடு அப்படியே நிற்க வேண்டியதுதான்.
4. பழைய அட்டை, ஸ்கெட்ச் பேனா இருந்தால் எடுத்து வாருங்கள்.

மார்க் கிடையாது, அட்டெண்டன்ஸ் உண்டு. வருகிறவர்கள் 'சரி' என்று எழுதுங்கள், வெறும் கட்டைவிரல் கணக்கில் வராது.