அந்தப் பென்சில் வட்டத்தை அழித்துக் கொடுங்கள்

விளையாட்டு ஒதுக்கீட்டில் அரசு வேலைக்கு ஆள் எடுக்கும் பிரிவின் அதிகாரிகளுக்கு,

வணக்கம். என் தங்கையின் கோப்பு உங்களிடம்தான் இருக்கிறது, அதனால் முழுக் கதையும் சொல்லப்போவதில்லை. போன மாதம் சான்றிதழ் சரிபார்ப்புக்கு வந்தாளே, இந்திய அணிக்காக வெளிநாட்டில் ரக்பி ஆடியவள், "ஏழு பேர் ஆடுறதெல்லாம் கணக்கில் வராது, பதினைந்து பேர் அணியில் ஆடின சான்றிதழ் கொண்டு வா" என்று திருப்பி அனுப்பினீர்களே, அவளுடைய அக்கா நான். தாராவியிலிருந்து எழுதுகிறேன்.

அன்றைக்கு நானும் கூட வந்திருந்தேன். நாட்டுக்காக ஆடியதற்கான சான்றிதழான படிவம் 1, ரக்பி சம்மேளனச் செயலாளர் கையெழுத்து, முத்திரை எல்லாமே சரியாக இருந்தன. உங்கள் அலுவலர் தாளைப் புரட்டிப் பார்த்துவிட்டு, ஏழு பேர் ஆட்டத்தைக் குறிக்கிற 'செவன்ஸ்' என்ற வார்த்தையைச் சுற்றிப் பென்சிலால் ஒரு வட்டம் போட்டார். அவள் விளக்கிச் சொல்ல வாயைத் திறப்பதற்குள் அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். சரி, அவருக்கும் அன்றைக்கு வரிசை நீளம்தான். ஆனால் வீட்டுக்கு வந்ததும், எழுதப் படிக்கத் தெரியாத எங்கள் அம்மா அந்தத் தாளைக் கையில் வாங்கி, "என்னடி இது, வட்டம் போட்டிருக்கு? தப்பா எழுதிட்டாங்களா?" என்று கேட்டபோது அவள் பதில் சொல்லவில்லை. சுவர் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். மைதானத்தில் தோள்பட்டை இறங்கிப்போன நாளில்கூட அவள் அப்படிப் படுத்ததில்லை.

தப்பாக எழுதவில்லை ஐயா. ஒலிம்பிக்கில் ஆடுகிற ரக்பியே இந்த ஏழு பேர் ஆட்டம்தான். 2016இல் ரியோவில் ஆண்களுக்கும் பெண்களுக்கும் சேர்த்தே தொடங்கினார்கள். ஆசிய விளையாட்டுப் போட்டியில் பெண்களுக்கு 2010லிருந்தே இருக்கிறது, அதுவும் ஏழு பேர் ஆட்டம்தான். நீங்கள் கேட்கிற பதினைந்து பேர் ஆட்டத்தில் இந்தியப் பெண்கள் முதல் சர்வதேசப் போட்டி ஆடியதே 2018இல், சிங்கப்பூரில். வருடத்துக்கு எத்தனை வாய்ப்பு கிடைத்துவிடும் அதில்?

ஏழு பேர் என்றால் பாதி ஆட்டம் என்று நினைத்துவிட்டீர்களோ என்னவோ. மைதானம் அதே 100 மீட்டர்தான். பதினைந்து பேர் ஓடுகிற இடத்தை ஏழு பேர் காக்க வேண்டும். பாதிக்கு ஏழு நிமிடம், நடுவில் மூச்சு வாங்க இரண்டு நிமிடம், அப்புறம் இன்னொரு ஏழு. ஒரே நாளில் இரண்டு மூன்று மேட்ச். 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் பெண்கள் வெண்கலத்துக்கான ஆட்டத்தில் ஆஸ்திரேலியா 12-7 என்று முன்னால் இருந்தது, கடைசி நொடியில் அமெரிக்காவின் அலெக்ஸ் செட்ரிக் தன் பக்கத்து எல்லைக்குக் கிட்ட இருந்து தனியாக ஓடிப்போய், எதிரணிக் கோட்டுக்கு அப்பால் பந்தைத் தரையில் வைத்து டிரை போட்டு ஐந்து புள்ளி, அதற்குப் பிறகு கிடைக்கும் உதையில் இரண்டு புள்ளி எடுத்து, 14-12 என்று ஜெயித்துக் கொடுத்தார். அந்த வீடியோவை என் தங்கை எத்தனை தடவை பார்த்திருப்பாள் என்று கணக்கே இல்லை.

2020 செப்டம்பரில் மத்திய அரசு விளையாட்டு ஒதுக்கீட்டுப் பட்டியலில் புதிதாகச் சேர்த்த விளையாட்டுகளில் ரக்பியும் ஒன்று. ரக்பி என்றுதான் போட்டிருக்கிறார்கள், எத்தனை பேர் ஆட வேண்டும் என்று போடவில்லை. அதனால் திரும்பவும் கேட்கிறேன், ஏழு பேர் ஆட்டத்தை ஆட்டமாகவே எடுத்துக்கொண்டு அவள் கோப்பை மறுபடி பாருங்கள்.

இந்த வேலை ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அவள் இதுவரை மூன்று வேலையை விட்டிருக்கிறாள். இந்திய அணியின் பயிற்சி முகாமுக்குக் கடிதம் வந்தால் லீவு கேட்பாள், கடைக்காரரோ ஜிம்காரரோ இத்தனை வாரம் எப்படித் தருவது என்பார், விட்டுவிட்டுப் போவாள். திரும்பி வந்து முதலிலிருந்து வேலை தேடுவாள். அதுவரைக்கும் விடியற்காலை சயான் ஸ்டேஷனில் முதல் லோக்கலைப் பிடித்துப் பயிற்சிக்குப் போவதற்கான பாஸ், பூட்ஸ், தோளில் ஒட்டுகிற டேப் எல்லாமே அம்மா விற்கிற இட்லியிலிருந்துதான். நாட்டுக்காக ஆடுகிற பெண்ணுக்கு ஜெர்சி கொடுக்க ஆள் இருக்கிறது. திரும்பி வந்த பிறகு அவள் என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்க ஒருவரும் இல்லை. இதில் கோபம் வராமல் எப்படி இருக்கும்?

2025 ஜூனில் இதே மும்பையில், அந்தேரியில், ரக்பி பிரீமியர் லீக் நடந்தது. ஆறு அணி, ஆறுமே ஆண்கள். சென்னை பேரில் ஆடிய அணி கோப்பை வாங்கியபோது எங்கள் சந்தில் எல்லோரும் கை தட்டினோம். அதுவும் ஏழு பேர் ஆட்டம்தான், அங்கே யாரும் அதைப் பாதி ஆட்டம் என்று சொல்லவில்லை. பெண்கள் ஆடும்போது மட்டும் இந்தக் கேள்வி எங்கிருந்து வருகிறது?

மன்னிக்கவும், கேட்க வந்ததை விட்டு எங்கேயோ போய்விட்டேன். சலுகை எதுவும் கேட்கவில்லை. வேறு யாருடைய இடத்தையும் எடுத்துத் தரச் சொல்லவில்லை. அவள் ஆடிய சர்வதேசப் போட்டிகளைச் சர்வதேசப் போட்டிகளாகவே எண்ணுங்கள். முடியாது என்றால் எந்த விதியின்படி என்று எழுத்தில் கொடுங்கள். அடுத்த அறிவிப்பு வரும்போது அவள் வயது வரம்பைத் தாண்டியிருப்பாள், அதனால் தயவுசெய்து சீக்கிரம் பாருங்கள்.

அடுத்த வாரம் அவளை மறுபடி முகாமுக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். இப்போது செய்கிற வேலையையும் விட்டுவிட்டுப் போகப்போகிறாள். தேதி மட்டும் சொல்லுங்கள், தாள்களை எடுத்துக்கொண்டு நான் வருகிறேன்.

இப்படிக்கு,
அவளுடைய அக்கா
தாராவி, மும்பை