எங்கள் தெற்கு டூருக்குத் துணை நின்றவர்களுக்கு நன்றி

கோவில்பட்டி, திருநெல்வேலி, தூத்துக்குடி, நாகர்கோவில் நண்பர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

தாம்பரம் வந்து சேர்ந்து நான்கு நாளாகிறது. பேடும் கிளவுஸும் மொட்டை மாடியில் காய்கின்றன. கிட் பையைத் தட்டினால் இன்னமும் கரிசல் மண் கொட்டுகிறது. கிளம்பும்போது ஸ்டேஷனில் அவசர அவசரமாகக் கையைப் பிடித்துச் சொன்ன நன்றி போதாது என்று எல்லோருக்கும் தோன்றியது. அதனால்தான் இந்த மடல்.

வருஷா வருஷம் மே மாதம் எங்கள் கிரிக்கெட் கிளப் வெளியூர் போய் ஆடிவிட்டு வருவது வழக்கம். கல்லூரிப் பிள்ளைகளுக்கு லீவு, எங்களில் இரண்டு பேர் ஆசிரியர்கள், அவர்களுக்கும் லீவு. வேறு மாதத்தில் பதினான்கு பேரை ஒன்றாகச் சேர்க்க முடியாது. ஆனால் மே என்றால் கத்திரி வெயில். அதனால் எல்லா ஆட்டத்தையும் காலை ஆறரைக்கே தொடங்கி, அணிக்கு 30 ஓவர் ஆடி, பதினொன்றரைக்குள் முடிப்பது என்று பேசியிருந்தோம். ஆறரைக்கு ஆட்டம் என்றால் மைதானத்தைப் பார்த்துக்கொள்பவர் எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும் என்பதை நாங்கள் யோசிக்கவே இல்லை. அதைக் கோவில்பட்டியில் தெரிந்துகொண்டோம்.

அதற்கு முன்னால் முதல் நாள் கதை. நெல்லை எக்ஸ்பிரஸில் விடிந்தும் விடியாத நேரத்தில் இறங்கினோம். முன்பணம் கட்டியிருந்த லாட்ஜில் கல்யாணக் கூட்டம், அறை இல்லை என்று கைவிரித்துவிட்டார்கள். பதினான்கு பேர், ஒன்பது கிட் பை, தெருவில் நிற்கிறோம். கோவில்பட்டி அணி கேப்டனுக்கு போன் செய்தேன். அதுவரை அவர் முகத்தைக்கூட நான் பார்த்ததில்லை. கால் மணி நேரத்தில் ஒரு குட்டி யானையோடு வந்து பைகளை ஏற்றினார். அவருடைய பெரியப்பா வீட்டு மாடியில் பாய், தலையணை, இரண்டு டேபிள் ஃபேன் எல்லாம் தயாராகிவிட்டது. பெரியம்மா ஒரு வார்த்தைகூடக் கேட்காமல் இட்லிப் பானையை அடுப்பில் ஏற்றினார். பெரியம்மா, உங்கள் மிளகாய்ப் பொடியைப் பற்றி எங்கள் பிள்ளைகள் வீட்டில் பேசிக்கொண்டே இருக்கிறார்களாம். இரண்டு அம்மாக்கள் என்னிடம் பக்குவம் கேட்டார்கள்.

மறுநாள் காலை ஐந்து மணிக்கு மைதானத்துக்குப் போனேன். மைதானத்தைப் பார்த்துக்கொள்ளும் அண்ணாச்சி எனக்கு முன்னால் வந்து, பிட்ச் முழுக்கச் செருப்பில்லாமல் நடந்துகொண்டிருந்தார். என்ன அண்ணாச்சி என்றேன். "கல்லு இருந்தா காலுக்குத்தான் தம்பி தெரியும், கண்ணுக்குத் தெரியாது" என்றார். பொடிக்கல் ஒவ்வொன்றாகப் பொறுக்கி மடியில் போட்டுக்கொண்டார். அப்புறம் குடத்தில் தண்ணீர் தெளித்து, உருளை போட்டு, பிட்ச் மேல் தென்னைநார்ப் பாயை, அதாவது மேட்டை, விரித்தார். ஒரு முனையில் ஆணி அடித்துவிட்டு மறுமுனையில் கடப்பாரையைக் கோத்து எங்கள் பையன்கள் நால்வரை இழுக்கச் சொன்னார். "இன்னும் இழுங்க, இன்னும் இழுங்க. சுருக்கம் கிடந்தா பந்து மூஞ்சிக்கு வரும்." பிறகு இரண்டு பக்கமும் சாணுக்கு ஓர் ஆணி. பேட்ஸ்மேன் நிற்கிற கிரீஸ் கோடு போட அவர் டேப் எடுக்கவில்லை. அடையாளம் வெட்டிய ஒரு குச்சி வைத்திருக்கிறார். ஸ்டம்பிலிருந்து நான்கடி அளந்து சுண்ணாம்புக் கோடு இழுத்தார். நான் என் ஆசைக்கு டேப் பிடித்துப் பார்த்தேன். ஒரு விரற்கடைகூட மாறவில்லை.

இப்படி மேட் விரித்துக் கடைசியாக ஆடிய டெஸ்ட் 1959 டிசம்பரில் கராச்சியில், பாகிஸ்தானும் ஆஸ்திரேலியாவும் மோதியது. அதற்கப்புறம் டெஸ்ட் கிரிக்கெட்டில் மேட் இல்லை. ஆனால் புல் பிட்ச் வளர்க்கத் தண்ணீரும் பணமும் இல்லாத ஊர்களில் இன்றைக்கும் கிரிக்கெட்டைத் தாங்கிக்கொண்டிருப்பது இந்த மேட்தான், அதை விரிக்கிற அண்ணாச்சி மாதிரி ஆட்கள்தான். அதிலும் கோவில்பட்டி ஹாக்கி ஊர். அங்கே ஒருவர் கிரிக்கெட் பிட்ச்சை இவ்வளவு பிரியமாக வைத்திருக்கிறார் என்றால் அவர் காலைத் தொட்டுத்தான் கும்பிட வேண்டும். அன்றைக்கு முழு ஆட்டத்திலும் ஒரு பந்துகூடத் தப்பாக எகிறவில்லை. நாங்கள் தோற்றோம், அது எங்கள் பேட்டிங்.

பாளையங்கோட்டையில் எங்களுக்கு ஸ்கோர் எழுதிய தங்கைக்குத் தனியாக நன்றி சொல்ல வேண்டும். பிளஸ் டூ எழுதிவிட்டு ரிசல்ட்டுக்குக் காத்திருக்கும் பெண். ஒவ்வொரு பவுலருக்கும் ஒவ்வொரு நிறப் பென்சில். ஓவர் முடியும்போதெல்லாம் பேட்டிங் கணக்கையும் பவுலிங் கணக்கையும் கூட்டி ஒத்துப்பார்ப்பாள். கடைசி ஓவரில் போர்டு எங்களுக்கு இன்னும் நான்கு ரன் என்றது. அவள் எழுந்து வந்து, இல்லை, மூன்றுதான் என்றாள். முன்னால் ஒரு வைடில் எங்கள் பையன்கள் ஒரு ரன் ஓடியிருந்தார்கள். வைடுக்கு ஒன்று, ஓடியதற்கு ஒன்று, ஆக இரண்டு ரன், போர்டில் ஒன்றுதான் ஏறியிருந்தது. புத்தகத்தை அம்பயர்களிடம் காட்டினாள், அவர்களும் சரி என்றார்கள். அந்த ஒரு ரன்னில்தான் நாங்கள் ஜெயித்தோம். அவளுடைய அண்ணன் எதிரணியில் ஆடுகிறான். அவனோ மற்றவர்களோ முகம் சுளிக்கவில்லை, ஆட்டம் முடிந்ததும் அந்தப் பக்கத்தைப் போட்டோ எடுத்துக்கொண்டார்கள். தங்கச்சி, நல்ல மார்க் வரும்.

தூத்துக்குடியில் எங்கள் விக்கெட் கீப்பருக்குப் புருவத்தில் அடிபட்டது. பதினேழு வயதுப் பையன், ரத்தத்தைப் பார்த்து எங்களுக்கே கை நடுங்கியது. எதிரணியின் பந்து வீச்சாளர் ஒருவர் தன் பைக்கில் அவனை ஏற்றி, நடுவில் எங்கள் பையன் ஒருவனைப் பிடித்துக்கொள்ள வைத்து, மருத்துவமனைக்குக் கூட்டிப்போனார். ஐந்து தையல். தையல் போட்டு முடிகிறவரை பக்கத்திலேயே நின்றார். பையனின் அம்மாவுக்கு போன் போட்டு, "பயப்படாதிய அம்மா, என் தம்பி மாதிரி பாத்துக்கிடுதேன்" என்று அவர் சொன்னதைக் கேட்ட பிறகுதான் அந்த அம்மா அழுகையை நிறுத்தினாராம். அவர் திரும்பி வருவதற்குள் அவருடைய அணியின் பேட்டிங் முடிந்துவிட்டது. பத்துப் பேராகவே ஆடினார்கள். இதை அவர் பெரிதாக நினைக்கவில்லை, ஆனால் எங்களுக்கு மறக்காது. தையல் பிரித்தாயிற்று, காயம் நன்றாக ஆறியிருக்கிறது.

நாகர்கோவிலில் எங்கள் அணியின் மூத்தவருக்கு, ஐம்பத்தெட்டு வயது, ஓடும்போது கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. அடிபட்ட பேட்ஸ்மேனுக்குப் பதிலாக ஓடுகிற ரன்னரைச் சர்வதேச ஆட்டங்களில் 2011-லேயே எடுத்துவிட்டார்கள், கிளப் ஆட்டத்தில் விதிப்படி இன்னும் உண்டு. அம்பயர் வந்து காலைப் பார்த்துவிட்டுச் சரி என்றார். ஆனால் ரன்னரும் பேட், கிளவுஸ், ஹெல்மெட் எல்லாம் போட வேண்டும். எங்களிடம் இருந்த நல்ல ஹெல்மெட்கள் இரண்டும் களத்தில் இருந்தன. எல்லைக்கோட்டில் நின்ற அவர்கள் பையன் ஒருவன், கேட்காமலே தன் பையிலிருந்து ஹெல்மெட்டை எடுத்து வந்து எங்கள் ரன்னர் தலையில் மாட்டி, வாரையும் இழுத்துக் கட்டிவிட்டான். மூத்தவர் 31 அடித்தார். அவர் வெளியே வந்தபோது அந்த ஊர்ப் பிள்ளைகள் எழுந்து நின்று கை தட்டினார்கள். அன்று இரவு அவர் அதிகம் பேசவில்லை.

வேன் ஓட்டிய அண்ணனுக்கும் நன்றி. ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று வேனைப் பக்கவாட்டில் தள்ளுகிறது, பையன்கள் காற்றாலை பார்த்துக் கூச்சல் போடுகிறார்கள், அவர் மட்டும் இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சாலையையே பார்த்து வந்தார். பதநீர், நுங்கு, மோர் என்று ஒவ்வொரு ஊரிலும் கொண்டுவந்து கொடுத்தவர்கள் பெயரை எழுதினால் இந்த மடல் முடியாது.

கடைசியாக நாகர்கோவில் அக்காவுக்கு. மரச்சீனியும் சாளைக் குழம்பும் ரயிலுக்குக் கட்டிக் கொடுத்தீர்கள். மதுரை வருவதற்குள் காலி. உங்கள் எவர்சில்வர் தூக்கு எங்களோடு வந்துவிட்டது. கழுவித் துடைத்து வைத்திருக்கிறோம். ஜூன் முதல் வாரம் எங்களில் ஒருவர் கல்யாணத்துக்கு உங்கள் ஊர்ப் பக்கம் வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறோம். உங்கள் மாமியார் வெறுந்தூக்கைத் திருப்பக் கூடாது என்பாராம். அதனால் தாம்பரம் மார்க்கெட்டில் நல்ல மல்லிகைப்பூ வாங்கி வைத்து அனுப்பலாமா, வாடிவிடுமா என்று இங்கே பேச்சு நடக்கிறது.

அன்புடன்,
டூர் செயலாளர், அணியினர் பதினான்கு பேர் சார்பில்