ஆண்டறிக்கை: பனிநரியும் மன்னார்ப் பறவைகளும்

தலைவர் அவர்களுக்கும், செயற்குழு உறுப்பினர்களுக்கும், மழையையும் காலி வீதி நெரிசலையும் பொருட்படுத்தாது வந்திருக்கும் மன்ற உறவுகளுக்கும் என் பணிவான வணக்கம். சென்ற பொதுக்கூட்டத்துக்குப் பின்னர் எமது இயற்கை ஆர்வலர் மன்றம் ஆற்றிய பணிகளை இவ்வறிக்கையில் தருகிறேன்.

நிர்வாகம் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. செயற்குழு மாதந்தோறும் கூடியது. போயா தினங்களில் நடைபெறும் வாசிப்பு வட்டமும் தடையின்றித் தொடர்ந்தது. வரவுசெலவு விபரங்களைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார்.

ஆண்டுக்கு ஓர் உயிரினத்தைத் தெரிவுசெய்து அதையே ஆண்டு முழுவதும் படிப்பது எமது மன்றத்தின் வழக்கம். இவ்வாண்டுக்கு ஆர்க்டிக் நரி, அதாவது பனிநரி, தெரிவாயிற்று. புழுக்கம் ஓயாத இந்த ஊரில் இருந்துகொண்டு பனிநரியைப் படிப்பது எதற்கு என்று சென்ற பொதுக்கூட்டத்திலேயே கேள்வி எழுந்தது. ராம்சார் என்னும் சர்வதேச ஈரநில உடன்படிக்கையின் கீழ் 2018 இல் ஈரநில நகரமாக அங்கீகாரம் பெற்ற கொழும்பில், எமது சதுப்பு நிலங்களிலேயே மீன்பிடிப் பூனை நடமாடும்போது அதை விட்டுவிட்டு வட துருவத்துக்குப் போவானேன் என்றார்கள். நியாயமான கேள்வி. இவ்வறிக்கையின் பெரும்பகுதி அதற்கான பதிலாக அமைகிறது.

முதல் அமர்வைச் சிறுவர் பிரிவுக்காக நடத்தினோம். எமது உறுப்பினரான ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை ஒருவர் பெரிய பால்மா ரின் ஒன்றிலும் சிறிய ரின் ஒன்றிலும் கொதிநீர் ஊற்றி, இரண்டிலும் வெப்பமானியை இட்டு, பிள்ளைகளை மாறி மாறி வாசிக்க வைத்தார். சிறிய ரின் விரைவாக ஆறியது. உடல் சிறிதானால் அதன் கனவளவோடு ஒப்பிடுகையில் மேற்பரப்பு அதிகம், வெப்பம் வேகமாக வெளியேறும் என்று அவர் விளக்கி முடிப்பதற்குள் ஒரு பிள்ளை எழும்பி, “அப்ப மிஸ், சின்ன நரி எப்பிடி அந்தக் குளிரில உயிரோட இருக்கும்?” என்று கேட்டாள். அந்த அமர்வு முழுவதும் அக்கேள்வியைச் சுற்றியே நடந்தது.

வளர்ந்த பனிநரியின் நிறை மூன்று, நான்கு கிலோதான். எங்கள் வீட்டுப் பூனையை விடப் பெரிதாக ஒன்றுமில்லை. குட்டையான மூக்கு, சிறிய வட்டக் காதுகள், குட்டைக் கால்கள் என உடலின் நீட்சிகள் எல்லாம் சுருங்கியிருப்பதால் வெப்பம் கசியும் பரப்பு குறைகிறது. குளிர்காலத்தில் வெளிமயிரின் கீழே மிக அடர்ந்த உள்மயிர் வளர்ந்து உடலோடு ஒட்டிய காற்றை அசையவிடாமல் பிடித்து வைக்கிறது. அலாஸ்காவில் ஷொலாண்டரும் சகாக்களும் நடத்தி 1950 இல் வெளியிட்ட ஆய்வில், வெப்பநிலை -40 பாகை செல்சியசு வரை இறங்கியும் இந்த நரி தன் உடலின் வெப்ப உற்பத்தியைக் கூட்டவேண்டியிருக்கவில்லை. பாதங்களின் அடியிலும் மயிர் உண்டு. காலுக்குப் போகும் சூடான குருதி, திரும்பி வரும் குளிர்ந்த குருதிக்கு அருகாக ஓடி அதைச் சூடாக்கிவிடுகிறது. ஆகவே பாதம் உறைநிலையை ஒட்டிய வெப்பத்தில் இருக்க, உடலின் நடுப்பகுதி இளஞ்சூடு மாறாமல் இருக்கிறது. புயல் வீசும்போது நரி பனியைக் குடைந்து சுருண்டு, வாலால் மூக்கை மூடிக்கொள்ளும். குளிர்கால உறக்கம் இதற்குக் கிடையாது. மாதக்கணக்கில் சூரியன் எழாத இருளிலும் இரை தேடியே ஆகவேண்டும்.

குளிரை இவ்வாறு வென்றுவிட்ட பிராணி பசிக்குத்தான் பலியாகிறது. இரண்டாவது அமர்விலிருந்து எமது கவனம் முழுவதும் இதன்மீதே திரும்பியது. துந்துராவில், அதாவது மரங்கள் வளராத வடதுருவச் சமவெளியில், பனிநரியின் முதன்மை இரை லெம்மிங் என்னும் சிறு கொறிவிலங்கு. பனிக்கு அடியில் அது ஓடும் சத்தத்தைக் கேட்டு, உயரத் துள்ளி, முன்கால்களும் மூக்கும் பனியைத் துளைக்கத் தலைகீழாகப் பாய்ந்து பிடிக்கும். லெம்மிங்கின் தொகை மூன்று முதல் ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை பெருகி உச்சத்தைத் தொட்டுச் சடுதியாக வீழும். உச்ச ஆண்டில் ஒரு பெண் நரி பத்துக்கு மேற்பட்ட குட்டிகளை ஈனும். ஊனுண்ணிகளில் இத்தனை குட்டிகளை ஒரே ஈற்றில் பெறுபவை மிக அரிது. லெம்மிங் வீழ்ந்த ஆண்டில் பல சோடிகள் குட்டியே போடுவதில்லை. முந்திய ஆண்டில் பிறந்தவற்றுள் பெரும்பாலானவை அந்தக் குளிர்காலத்தைத் தாண்டுவதுமில்லை.

ஆகவே சேமிப்பு இந்த நரிக்கு உயிர்நாடி. கனடாவின் நுனாவுட் பிரதேசத்தில் கராக் ஏரியைச் சூழ இலட்சக்கணக்கில் வாத்துகள் கூடு கட்டுகின்றன. அங்கே நரி முட்டையை ஒவ்வொன்றாகக் கவ்விச் சென்று தனித்தனியே மண்ணில் புதைத்து, மேலே பாசியை மூக்கால் தள்ளி மூடுகிறது. கீழே நிரந்தரமாக உறைந்திருக்கும் நிலம் அவற்றைப் பழுதாகாமல் காக்கிறது. லெம்மிங் அருகிய ஆண்டுகளில், வாத்துகள் திரும்பி வருவதற்கு முன்னரான வசந்தத்தில், முன்னாண்டு புதைத்த முட்டைகளே நரியின் உணவில் பெரும்பங்கு வகிப்பதாக அங்கு ஆய்வு செய்தவர்கள் கண்டனர். கரையோரத்தில் வாழ்பவை கடற்பனியின்மீது வெண்கரடியின் பின்னே நடந்து, அது விட்டுச்செல்லும் சீல் மிச்சங்களைத் தின்னும். ஐஸ்லாந்தில் லெம்மிங் இல்லை. அங்கே மனிதர் வருவதற்கு முன்பிருந்தே வாழும் ஒரே தரைப் பாலூட்டி பனிநரிதான். கடற்பறவைகளும் கரையொதுங்கும் உணவும் அதற்குப் போதுகின்றன. அதனால் அதன் தொகையில் அந்த ஏற்ற இறக்கமும் இல்லை.

வளைகளைப் பற்றிய அமர்வுக்குத்தான் ஆண்டின் மிகக்கூடிய வரவு. துந்துராவில் தோண்டத்தக்க உலர்ந்த மணல்மேடுகள் குறைவு. கிடைத்த இடத்தைத் தலைமுறை தலைமுறையாகப் பயன்படுத்துவதால் பல வாயில்களோடு விரிந்த வளைகள் உருவாகின்றன. நூற்றாண்டுக்கும் மேற்பட்டவையும் உண்டு. எச்சமும் இரையின் மிச்சமும் மண்ணை உரமாக்குவதால், சாம்பல் நிற நிலத்தின் நடுவே வளை இருக்கும் மேடு மட்டும் பச்சையாகத் தெரியும். கனடாவின் சேர்ச்சில் பகுதியில் செய்து 2016 இல் வெளியான ஆய்வொன்று, ஓகஸ்ட் மாதத்தில் வளைமேட்டின் தாவரத் திணிவு சுற்றுப்புறத்தைப் போல் ஏறத்தாழ மூன்று மடங்கு எனக் கண்டது.

இதே நரி மனிதர் கையால் தவறான இடத்தில் விடப்பட்டபோது நேர்ந்ததையும் மறைக்காமல் பேசினோம். 18 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி முதல் உரோம வணிகர்கள் அலாஸ்காவை அடுத்த அலூசியன் தீவுகளில் பனிநரிகளைக் கொண்டுபோய் விட்டார்கள். தரையில் கூடு கட்டிய கடற்பறவைகள் அழிந்தன. கடலிலிருந்து அவை கொண்டுவந்த எச்ச உரமும் நின்றது. செழித்த புல்வெளிகள் குட்டைச் செடிகளின் துந்துராவாக மாறிவிட்டதை 2005 இல் வெளியான ஆய்வு காட்டியது. ஓரிடத்தில் நிலத்தைப் பச்சையாக்கும் பிராணி இன்னோரிடத்தில் அதை வறளச் செய்தது. கூட்டம் முடிந்த பின்னரும் வாசலில் நின்று இதைப் பற்றி நெடுநேரம் கதைத்தவர்கள் பலர்.

இளைஞர் பிரிவின் சுவர்ப்படம் பற்றிக் குறிப்பிடாவிட்டால் இவ்வறிக்கை நிறைவுபெறாது. நோர்வே துருவ ஆய்வு நிறுவனம் ஸ்வால்பார்ட் தீவுக்கூட்டத்தில் ஓர் இளம் பெண் நரிக்குச் செய்மதிக் கழுத்துப்பட்டி அணிவித்தது. 2018 மார்ச் 26 இல் அங்குள்ள ஸ்பிட்ஸ்பேர்கன் தீவை விட்டுப் புறப்பட்ட அந்த நரி, கடற்பனியின்மீது நடந்து கிறீன்லாந்தை அடைந்து, அதன் பனிப்பரப்பைக் கடந்து, யூன் 10 ஆம் திகதி கனடாவின் எல்ஸ்மியர் தீவில் கால் வைத்தது. பதிவான தூரம் 3,506 கிலோமீற்றர். ஆய்வுக் கட்டுரை 2019 இல் வெளிவந்தது. எமது இளைஞர்கள் வாசிகசாலைச் சுவரில் வடதுருவப் படத்தை ஒட்டி, ஸ்பிட்ஸ்பேர்கனில் முதல் குண்டூசியைக் குத்தி, மார்ச் 26 முதல் பச்சை நூலைச் சிறிது சிறிதாக நீட்டிக்கொண்டே வந்தார்கள். பனிப்பரப்பில் ஒரே நாளில் நரி 155 கிலோமீற்றர் கடந்திருந்தது. கொழும்பிலிருந்து மாத்தறைக்குப் போகும் தூரம் என்று ஒருவர் படத்தின் ஓரத்தில் எழுதி வைத்தார். யூனில் கடைசிக் குண்டூசி குத்தப்பட்டபோது, செய்தித்தாள் வாசிக்க மட்டும் வரும் பெரியவர்களும் எழும்பி வந்து பார்த்தார்கள். ஸ்வால்பார்ட் நரிகள் கடலுணவையும் பறவைகளையும் நம்பி வாழ்பவை, எல்ஸ்மியரில் லெம்மிங்கே பிரதான இரை. வாழ்க்கை முறையையே அது மாற்றவேண்டியிருந்திருக்கும். அந்த நரி நடந்த பாலமே கடற்பனிதான். அது சுருங்கச் சுருங்க ஸ்வால்பார்ட் நரிகள் மற்றைய கூட்டங்களிலிருந்து துண்டிக்கப்படும்.

உலக அளவில் பனிநரி அழிவின் விளிம்பில் இல்லை. ஸ்கண்டிநேவியாவில் நிலைமை வேறு. உரோமத்துக்காக வேட்டையாடித் தீர்த்த பின்னர், சுவீடன் 1928 இலும் நோர்வே 1930 இலும் பின்லாந்து 1940 இலும் சட்டப் பாதுகாப்பு வழங்கின. ஆயினும் தொகை மீளவில்லை. 2000 ஆம் ஆண்டளவில் அப்பகுதி முழுவதிலும் வளர்ந்த நரிகள் 40 முதல் 60 வரையே எஞ்சியிருந்தன. லெம்மிங்கின் உச்ச ஆண்டுகள் தவறின. உருவில் பெரிய செந்நரி வடக்கே ஏறிவந்து வளைகளைப் பறித்தது. 2005 முதல் நோர்வேயின் ஒப்டால் அருகே மலையில் இனப்பெருக்க நிலையம் அமைத்து, குட்டிகளைக் காட்டில் விட்டார்கள். செந்நரியால் நுழையமுடியாத குறுகிய வாயிலுள்ள உணவுப் பெட்டிகளையும் வைத்தார்கள். 2022 இல் பின்லாந்தில், 1996 க்குப் பின்னர் முதன்முறையாகக் காட்டில் குட்டிகள் பிறந்தன. சட்டம் போட்டதோடு நின்றிருந்தால் இது நடந்திராது என்பது என் உறுதியான கருத்து. பல ஆண்டுகள் மலையேறி உணவு வைத்தவர்களின் உழைப்பு அது.

இனி, பனிநரி எங்களுக்கு எதற்கு என்ற அந்தக் கேள்வி. ஒக்டோபர் முதல் வாரத்தில் மன்னாருக்குக் களப்பயணம் போனோம். வங்காலைச் சரணாலயம் 2010 இல் ராம்சார் தலமாக அறிவிக்கப்பட்டது. விடிந்ததும் சேற்றுவெளியோரம் தொலைநோக்கியை நாட்டினோம். கொசு உள்ளான்களோடு கலந்து, கீழ்நோக்கி வளைந்த அலகுடைய சற்றுப் பெரிய உள்ளான்கள் தையல் ஊசி வேகத்தில் சேற்றைக் குத்தி மேய்ந்துகொண்டிருந்தன. எங்கள் வழிகாட்டி முதுகைப் பார்க்கச் சொன்னார். சிலவற்றின் இறகு ஒவ்வொன்றுக்கும் மணல்நிற ஓரம் இருந்தது. மேலே செதில் அடுக்கியதாகத் தெரிந்தது. அவை அந்தக் கோடையில் பிறந்து, தனியே வழி கண்டு வந்து சேர்ந்த இளம் பறவைகள்.

அவை பிறந்த இடம் சைபீரியத் துந்துரா, தைமிர் குடாநாட்டுப் பக்கம். அங்கே லெம்மிங் பெருகிய ஆண்டில் பனிநரிகள் அதைத் தின்று வயிறாறுகின்றன, பறவைக் கூடுகள் தப்புகின்றன. லெம்மிங் வீழ்ந்த ஆண்டில் பசித்த நரிகள் முட்டைகளையும் குஞ்சுகளையும் தேடிப் போகின்றன. அவ்வாண்டுகளில் தெற்கே வரும் கூட்டங்களில் இளம் பறவைகள் அரிதாகிவிடுவது ஐரோப்பாவிலும் தென்னாபிரிக்காவிலும் எண்ணப்பட்ட தரவுகளில் தெளிவாகத் தெரிகிறது. இந்த உள்ளான் இனம் உலகளவில் குறைந்துவருகிறது. வடக்கில் எத்தனை குஞ்சுகள் தேறுகின்றன என்பதும் தெற்கில் எத்தனை சேற்றுவெளிகள் மிஞ்சுகின்றன என்பதும் சேர்ந்தே அதன் கதியைத் தீர்மானிக்கும். இரண்டாவது எங்கள் கையில் இருக்கிறது. கொழும்புப் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த பறவை ஆய்வாளர்கள் மன்னாரில் கருவி பொருத்திய ஹூக்லின் கடற்காகம் 2021 இல் ரஷ்யாவின் யமால் குடாநாடு வரை பறந்தது. யமாலும் பனிநரியின் நிலமே. சென்ற ஆண்டு அந்தக் கேள்வியை எழுப்பிய உறுப்பினர் அன்று எங்களோடு வங்காலையில் நின்றார். தொலைநோக்கியை விட்டு அவரைக் கிளப்பி வான் வண்டியில் ஏற்றுவது பெரும்பாடாயிற்று.

நூலகத்துக்குத் துருவ உயிரினங்கள் பற்றிய நூல்கள் அன்பளிப்பாகக் கிடைத்தன. தமிழில் பிள்ளைகள் வாசிக்கத்தக்கவை மிகக் குறைவாக இருப்பது வருத்தம் தருகிறது. எமது அமர்வுக் குறிப்புகளைத் தொகுத்துச் சிறு கையேடாக அச்சிடச் செயற்குழு தீர்மானித்துள்ளது. படம் வரையவும் மெய்ப்புப் பார்க்கவும் முன்வருவோர் என்னிடம் பெயர் தரலாம்.

மண்டபத்தை வாடகையின்றித் தந்தவர்களுக்கும், கூட்டந்தோறும் தேநீரும் வடையும் ஏற்பாடு செய்த மகளிர் பிரிவுக்கும், மன்னாரில் எங்களை வீட்டாராக வரவேற்று விருந்தளித்த குடும்பத்தினருக்கும் மன்றத்தின் நன்றி.

இரண்டு முன்மொழிவுகளைப் பொதுக்கூட்டத்தின் அங்கீகாரத்துக்கு வைக்கிறேன். ஒன்று, ஆண்டுதோறும் ஒக்டோபரில் வங்காலைக்குச் சென்று வளைந்த அலகு உள்ளான்களில் இளம் பறவைகளையும் முதிர்ந்தவற்றையும் பிரித்து எண்ணிப் பதிவேட்டில் குறிப்பது. இரண்டு, அதற்கென இன்னொரு தொலைநோக்கி வாங்க விசேட நிதியொன்றை ஆரம்பிப்பது. வரும் ஆண்டுக்குரிய உயிரினமாக மீன்பிடிப் பூனையைச் செயற்குழு ஏகமனதாகப் பரிந்துரைக்கிறது. இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு சபையோரை வேண்டுகிறேன்.

செயலாளர்
கொழும்பு